உடம்புக்குள் மருந்து பம்ப்: ஆபரேஷனுக்கு முன் சொல்ல வேண்டியது



பனையிலிருந்தோ கிணற்றுக்குள்ளேயோ விழுந்து தண்டுவடம் அடிபட்டவங்க நம்ம பக்கம் உண்டு. மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை விபத்துகளிலும் அப்படி நேரலாம். தண்டுவடம் பாதித்தால் சிலருக்குக் கால் தசை விறைத்து இழுக்கும். மாத்திரைக்குக் கட்டுப்படாவிட்டால், சில பெரிய மருத்துவமனைகளில் வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு பம்ப் வைப்பாங்க. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் முதுகெலும்புக்குள் போகும். பேக்லோஃபென் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்டுவட நீரில் சேரும். தீராத புற்றுநோய் வலிக்கு மார்ஃபினும் இப்படிக் கொடுப்பது உண்டு.

பம்ப் இருக்கிறவருக்கு வேற ஆபரேஷன் வந்தால்தான் கவனம் வேணும். குடல்வாலோ, சிசேரியனோ, எதுவானாலும் கத்தி அந்தக் குழாயில் படக் கூடாது. முதுகில் மயக்க ஊசி போடுறதுக்கு முன்னாடியும் குழாய் எங்கே இருக்குன்னு தெரியணும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால் சில பம்புகள் தற்காலிகமாக நின்றுவிடும். மறுபடி ஓடுதான்னு அதற்கான கருவி வைத்துச் சரிபார்க்கணும்.

பேக்லோஃபென் திடீரென நின்றால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் 1 முதல் 3 நாளுக்குள் உடம்பு அரிப்பு, கடும் காய்ச்சல், முன்னைவிட அதிக விறைப்பு, குழப்பமான பேச்சு வரும். நம்ம ஊர் வெயிலுக்கு, ‘சூட்டுக் காய்ச்சல்’னு நினைச்சு வீட்டிலேயே வச்சிருக்காதீங்க. மருந்து அளவு கூடினாலும் ஆபத்துதான்: எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு குறைதல். எதுவானாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்க. மருந்து நிரப்பும் தேதியைத் தள்ளிப் போடாதீங்க.

இப்ப உங்க ஸ்மார்ட்ஃபோனில் இரண்டு வேலை.

1. அமைப்புகளில் ‘அவசரகாலத் தகவல்’ பகுதிக்குப் போங்க. ஐஃபோனில் அது ‘மெடிக்கல் ஐடி’. “வயிற்றில் மருந்து பம்ப் உள்ளது” என்று எழுதி, மருந்தின் பெயர், சிகிச்சை தந்த மருத்துவமனை, வீட்டார் எண் சேருங்க. பூட்டிய திரையிலும் தெரியும்படி வையுங்க. நினைவில்லாமல் கிடந்தாலும் டாக்டர் பார்த்துக்கொள்வார்.

2. பம்ப் அட்டை, டிஸ்சார்ஜ் சுருக்கம் இரண்டையும் படமெடுத்து டிஜிலாக்கரில் பதிவேற்றுங்க. அசல் அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும்.

அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையிலிருந்து விருதுநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்பினால், ஒவ்வொரு இடத்திலும் “பம்ப் இருக்கு, அதை வச்ச டாக்டரிடம் பேசுங்க”ன்னு முதலில் சொல்லுங்க. சொல்ல வேண்டியது நோயாளி மட்டுமில்ல, கூடப் போறவங்களும்தான். மற்ற சந்தேகங்களுக்கு 104-ல் கேட்கலாம்.