கடற்பாசியையும் வெயில் சுடும்



தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு என்றால், நம் அலோர் ஸ்டார் வீடுகளில் முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வண்ண வண்ணமாய் அகார் அகார் இருக்கும். சிவப்புக் கடற்பாசியின் செல்சுவர்தான் அது. அந்தச் சுவரைப் பாசி நமக்காகக் கட்டவில்லை. நீர் வற்றினால் வெயிலில் கிடக்க வேண்டும். மழை பெய்தால் சுற்றியுள்ள நீரில் உப்பு குறையும். ஓடி ஒளிய முடியாத அந்தச் செடிக்கு, வழவழப்பான சுவர்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. உள்ளே ஃப்ளோரிடோசைட் என்னும் சர்க்கரைப் பொருளைக் கூட்டியும் குறைத்தும் நீரைச் சமன் செய்துகொள்கிறது.

சிலாங்கூர் மோரிப் கரையில் கிடைக்கும் கிராசிலாரியா சாங்கி என்ற பாசி உப்பு கூடும்போதும் குறையும்போதும் அதன் மரபணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்து, புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

இது யாருக்கு வேண்டும் என்கிறீர்களா? சபா மாநிலத்தின் செம்போர்ணாவுக்குப் போங்கள். அங்கே கப்பாஃபைகஸ் என்னும் பாசியைத் துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி, ஏறக்குறைய 45 நாளில் அறுக்கிறார்கள். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேரும் கேரஜீனன் இதிலிருந்து வருகிறது. கடல் சூடானாலோ உப்பு குறைந்தாலோ கிளைகள் வெளுக்கின்றன. சோர்ந்த செடியில் பாக்டீரியா நுழைகிறது. கிளை முறிந்து விழுகிறது. ‘ஐஸ்-ஐஸ்’ நோய் என்பார்கள். பெயர்தான் குளிர்ச்சி!

தமிழ்நாட்டின் ராமநாதபுரம் மாவட்டத்திலும் இதே பாசிதான். மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபக் கிளை பழக்கிக் கொடுத்தது. 2000-க்குப் பிறகு மீனவப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் வளர்த்துச் சொந்தமாகச் சம்பாதித்தார்கள். 2013-ஐ ஒட்டிப் பாசி பெருமளவில் அழிந்தது. உழைத்த பெண்களின் வருமானமும் அதோடு போயிற்று.

பால்மரக் காட்டில் வேலை பார்த்தவர்களுக்குக் காரணம் உடனே விளங்கும். ஒரே தாய்மரத்து ஒட்டுக்கன்றுகளை நிரை நிரையாக நட்டால், ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். கடற்பாசிப் பண்ணையிலும் சென்ற அறுவடையின் துண்டுதான் அடுத்த நாற்று. பல ஆண்டுகளாக அதே துண்டு!

மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஃபாங் சியூ மோய் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014-இல் கப்பாஃபைகஸ் மலேசியானஸ் என்ற இனத்தைத் தனியாக அடையாளம் கண்டார்கள். இப்படி நம் கடலிலேயே உள்ள பாசிகளில் எது எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று சோதித்து, பண்ணைக்காரர் கையில் நாற்றாகக் கொடுக்க வேண்டும். கயிறும் படகும் மானியமாகக் கொடுப்பது நல்லதுதான். அந்தக் கயிற்றில் எதைக் கட்டுவது என்பதற்கும் பணம் ஒதுக்கச் சொல்கிறேன்.