நல்ல வர்ணனையாளர் யார்?



ஆட்டத்தை ஆடுபவர் ஒருவர். அதை எடுத்துச் சொல்பவர் வேறொருவர். ஆடுபவரைப் பற்றி நாம் நாள்தோறும் பேசுகிறோம். எடுத்துச் சொல்பவரைப் பற்றியோ, அவர் நமக்கு எரிச்சலூட்டினால் அன்றி நினைப்பதே இல்லை. தொலைக்காட்சியில் விளையாட்டு வர்ணனை செய்பவரின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இது பொழுதுபோக்குச் செய்திதானே என்று சிலர் எண்ணலாம். பள்ளியில் ஒரு பாடவேளை அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோதான். ஆனால், ஒரு காற்பந்தாட்டத்தின் வர்ணனையை நம் பிள்ளைகள் 90 நிமிடம் அசையாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள். அவ்வளவு நேரம் பிள்ளையின் செவியில் ஒலிக்கும் குரல், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஓர் ஆசிரியரின் குரலாகிவிடுகிறது. ஆகவே அதைச் சற்று ஆராய்வது நம் கடமையாகும்.

வர்ணனைக் கலை வளர்ந்தது வானொலியில். 1927ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் இடையே நடந்த ரக்பி ஆட்டத்தை டெடி வேக்லம் என்பவர் பிபிசி வானொலியில் நேரடியாக வர்ணித்தார். பின்பற்றுவதற்கு அவருக்கு முன்னோடி எவரும் அங்கே இல்லை. எனவே, கண்பார்வையற்ற ஒருவரை வர்ணனைக் கூண்டின் முன்னே அமர வைத்து, அவருக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள் என்று ஏற்பாடு செய்தார்கள். எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு, பாருங்கள்! வானொலி நேயருக்குத் திடல் தெரியாது, பந்து தெரியாது. அவருக்கு வர்ணனையாளரே கண். வானொலி வர்ணனையாளர் வாய் ஓய்ந்தால் நேயருக்கு ஆட்டமே நின்றுவிடும்.

தொலைக்காட்சி வந்ததும் நிலைமை மாறியது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 1963ஆம் ஆண்டில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. கறுப்பு வெள்ளைக் காலத்தில், கருஞ்சட்டை அணிந்தவர் யார், வெண்சட்டை அணிந்தவர் யார் என்று சொல்ல வேண்டிய வேலையாவது வர்ணனையாளருக்கு மிஞ்சியிருந்தது. சிங்கப்பூரில் 1974ஆம் ஆண்டிலும், மலேசியாவில் 1978ஆம் ஆண்டின் இறுதியிலும் வண்ணம் வந்தபின் அதுவும் தேவையற்றுப் போயிற்று. பார்ப்பவருக்குக் கண் கிடைத்துவிட்டது. இனி, கண் காண்பதையே வாய் திரும்பச் சொல்வதில் என்ன பயன்?

மோசமான வர்ணனையாளரை அடையாளம் காண இதுவே முதல் குறி. "இதோ வலப்பக்கம் ஓடுகிறார், பந்தை உதைக்கிறார், பந்து வெளியே போகிறது" என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். நாமும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்! வானொலிக்கு உரிய வேலையைத் தொலைக்காட்சியில் செய்கிறார் அவர்.

ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணித் தலைவராக விளங்கிப் பின்னர் புகழ்பெற்ற வர்ணனையாளரான ரிச்சி பெனோ இதை நன்கு உணர்ந்தவர். திரையில் உள்ள காட்சியோடு எதையாவது சேர்க்க முடிந்தால் பேசு, இல்லையேல் பேசாதே என்பது அவர் கைக்கொண்ட விதி. விம்பிள்டன் டென்னிஸ் ஆட்டங்களை 1951 முதல் 1991 வரை பிபிசி தொலைக்காட்சியில் வர்ணித்த டேன் மாஸ்கெலும் அப்படியே. பந்து வலைக்கு மேலே போய்வந்து கொண்டிருக்கும்போது அவர் வாய் திறவாமையே அவருக்குப் பெருமை சேர்த்தது. திருவள்ளுவர் 'பயனில சொல்லாமை' என்று தனி அதிகாரமே வகுத்தார் அல்லவா? அந்த அதிகாரத்தை வர்ணனைக் கூண்டின் சுவரில் எழுதி மாட்டலாம்.

நமக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில், பூப்பந்து அரையிறுதியில் நம் லீ சோங் வெய் சீனாவின் லின் டானை எதிர்கொண்டார். முதல் செட் 15-21, தோல்வி. இரண்டாவது 21-11, வெற்றி. மூன்றாவது 22-20. அந்தக் கடைசிப் புள்ளிகளின்போது நாட்டில் எத்தனை வீடுகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்! இத்தகைய கட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கூச்சல் போடுபவர், நம் மூச்சை நம்மிடமிருந்து பறித்துக்கொள்கிறார். புள்ளி முடிந்தபின் இடைவெளி உண்டு. ஆட்டக்காரர் வியர்வை துடைக்கும் அந்தச் சில விநாடிகளே வர்ணனையாளருக்கு உரியவை.

சரி, பேசும்போது எதைப் பேசுவது? கண்ணுக்குத் தெரியாத காரணத்தைப் பேச வேண்டும். உள்ளரங்கில் குளிர்சாதனக் காற்று ஒரு பக்கமாக வீசினால் பூப்பந்து அந்தப் பக்கம் இழுபடும். தேர்ந்த ஆட்டக்காரர் பின்கோட்டுக்கு அடிக்கத் தயங்குவது அதனால்தான். பார்ப்பவருக்குக் காற்று தெரியாது. தயக்கம் மட்டுமே தெரியும். "காற்று இவருக்குப் பின்னாலிருந்து வீசுகிறது, உயரத் தூக்கினால் பந்து வெளியே போய்விடும்" என்று ஒரே வாக்கியம் சொன்னால் போதும், நாம் ஆட்டத்தைப் புதிய கண்ணோடு பார்ப்போம். விதிகளும் அவ்வாறே. 2006ஆம் ஆண்டுக்குமுன், சர்வீஸ் போட்டவர் மட்டுமே புள்ளி பெற முடியும். பொதுவாக ஒரு செட் 15 புள்ளி. அதன்பின் எவர் வென்றாலும் புள்ளி உண்டு என்றாகி, ஒரு செட் 21 புள்ளியாயிற்று. பழைய முறையில் விளையாடிப் பழகிய நம் தாத்தாவுக்கும் புதிதாய்ப் பார்க்கும் பேரனுக்கும் ஒருசேரப் புரியும்படி இதைச் சொல்பவரே திறமைசாலி.

அடுத்தது முன்தயாரிப்பு. இதில் என் உள்ளம் கவர்ந்தவர் ஸ்காட்லாந்தின் பில் மெக்லாரன். அவரும் ஆசிரியரே! ஹாவிக் என்னும் சிற்றூரில் உடற்பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே பிபிசியில் ரக்பி வர்ணனை செய்தார். 1987ஆம் ஆண்டுவரை பள்ளி வேலையை விடவில்லை. ஒவ்வோர் ஆட்டத்திற்கு முன்பும், ஆட்டக்காரர்களின் எண்ணையும் பெயரையும் அட்டைகளில் எழுதிக்கொள்வார். சீட்டுக்கட்டைப்போல் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, பெயர் பிசகாமல் வரும்வரை பயில்வார். பெரிய தாள் ஒன்றில் பல வண்ண மையால் குறிப்புகளை நிரப்பிக்கொள்வார். அவற்றில் பெரும்பகுதியை அவர் சொல்லவே மாட்டார். பாடக்குறிப்பு எழுதும் ஆசிரியர்களுக்கு இது விளங்கும். எழுதியது முழுவதையும் வகுப்பில் ஒப்புவிப்பவர் நல்லாசிரியர் அல்லர். வேண்டியபோது வேண்டியதை எடுப்பவரே நல்லாசிரியர்.

பெயரைச் சரியாக உச்சரிப்பது மரியாதையின் முதற்படி. 1980ஆம் ஆண்டு மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற நம் காற்பந்துக் குழுவை எண்ணிப் பாருங்கள். ஆறுமுகம், சந்தோக் சிங், சோ சின் ஆன், ஜேம்ஸ் வோங் என்று எத்தனை இனத்துப் பெயர்கள்! ஒலிம்பிக் புறக்கணிப்பினால் அவர்கள் மாஸ்கோ செல்லவில்லை என்பது வேறு கதை. ஒருவர் பெயரைத் திருத்தமாகவும் இன்னொருவர் பெயரைத் திரித்தும் சொல்லும் வர்ணனையாளர், தம்மை அறியாமலே ஒருவரை வீட்டுக்காரராகவும் இன்னொருவரை விருந்தாளியாகவும் ஆக்கிவிடுகிறார்.

இனி நடுநிலைமை. நம் நாடு ஆடும்போது நம் குரலில் மகிழ்ச்சி இருப்பது இயல்பு. 1992ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், கோலாலம்பூர் நெகாரா அரங்கில் இந்தோனேசியாவை 3-2 என வென்று நாம் தாமஸ் கிண்ணத்தை மீட்டோம். அப்பொழுது நான் பள்ளி மாணவன். எங்கள் தோட்டத்து லயத்தில் எழுந்த ஆரவாரம் இன்றும் என் காதில் இருக்கிறது. அந்த இரவில் வர்ணனையாளர் மட்டும் உணர்ச்சியற்றிருக்க வேண்டும் என்று எவரும் கேட்கமாட்டார். 2015ஆம் ஆண்டு காலமான ஹஸ்புல்லா அவாங் மலாய் வர்ணனையில் நெஞ்சங்களைக் கவர்ந்தது அவருடைய உணர்ச்சிப் பெருக்கினாலும்தான். ஆனால், மகிழ்வது வேறு; எதிராளியை இழிவுபடுத்துவது வேறு. நம்மவர் விழுந்தால் எதிரியின் முரட்டுத்தனம், எதிரி விழுந்தால் நடிப்பு என்று சொல்பவர் பொய்யைப் பழக்குகிறார்.

மெக்லாரனை மீண்டும் பாருங்கள். 2002ஆம் ஆண்டு கார்டிஃப் நகரில் வேல்சுக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடந்த ஆட்டமே அவர் வர்ணித்த கடைசி அனைத்துலக ஆட்டம். அவரோ ஸ்காட்லாந்துக்காரர். வேல்ஸ் இரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பில் மெக்லாரன் ஒரு வேல்ஸ்காரர் என்று பதாகை எழுதிப் பிடித்தார்கள்! எதிரணியின் இரசிகரே "இவர் நம்மவர்" என்று உரிமை கொண்டாடுவதைவிட ஒரு வர்ணனையாளருக்கு வேறென்ன பட்டம் வேண்டும்?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். எல்லா ஆட்டத்தையும் 'வாழ்வா சாவா' ஆட்டம் என்றும், எல்லா கோலையும் 'அற்புதம்' என்றும் சொல்பவரிடம், உண்மையான அற்புதம் நிகழும்போது சொல் மிஞ்சாது. சென்னை வானொலியில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்து புகழ்பெற்ற அப்துல் ஜப்பார் போன்றோர், நம் மொழியில் விளையாட்டை விறுவிறுப்பாகவும் கண்ணியமாகவும் சொல்ல முடியும் என்று காட்டினார்கள். அந்த வழியை நாம் விட்டுவிடலாகாது.

திடலில் துயரம் நேரும்போது வர்ணனையாளரின் உண்மைத் தரம் வெளிப்படும். 2021ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், கோப்பன்ஹேகனில் டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று சாய்ந்தார். மருத்துவர்கள் அவரைப் பிழைக்க வைத்தார்கள்; அடுத்த ஆண்டே அவர் மீண்டும் களமிறங்கினார். அத்தகைய வேளையில் ஊகித்துப் பேசுவது பெரும் பிழை. அவருடைய குடும்பத்தாரும் அதே குரலைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். தெரிந்ததை மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு அமைதி காப்பதே பண்பு.

நேயர்களே, ஓர் ஆசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த செய்தியை இப்போது சொல்கிறேன். 2020ஆம் ஆண்டு, ரன்ரிப்பீட் என்னும் டென்மார்க் நிறுவனம் இங்கிலாந்தின் தொழில்முறைக் காற்பந்தாட்டக்காரர் சங்கத்துடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டது. ஐரோப்பிய லீக்குகளின் 80 ஆட்டங்களில் ஆங்கில வர்ணனையாளர்கள் சொன்ன 2,000க்கும் மேற்பட்ட கருத்துகளை எண்ணிப் பார்த்தார்கள். வெளிர்நிற ஆட்டக்காரர்களை அறிவாளிகள், உழைப்பாளிகள் என்று அதிகம் புகழ்ந்திருந்தார்கள். உடல் வலிமையைப் பற்றிப் பேசும்போது, அது கருநிற ஆட்டக்காரரைப் பற்றியதாக இருக்கும் வாய்ப்பு 6 மடங்குக்கும் அதிகம். வேகத்தைப் பற்றியென்றால் 3 மடங்குக்கும் அதிகம்.

இவர்களில் எவரும் தீய எண்ணத்தோடு பேசினார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பழக்கம் பேசியது. ஆனால் கேட்பவன் பத்து வயதுச் சிறுவன். தன் நிறத்தவனுக்குக் கால் உண்டு, மூளை இல்லை என்று அவன் வாரந்தோறும் கேட்டால், ஒருநாள் அதைத் தன்னைப் பற்றிய தீர்ப்பாகவே எடுத்துக்கொள்வான். மாலையில் எங்கள் பள்ளித் திடலில் பிள்ளைகள் விளையாடும்போது, கோட்டோரம் நிற்கும் ஒருவன் வர்ணனை செய்வது வழக்கம். "இவன் நல்லா ஓடுவான், யோசிக்கத் தெரியாது" என்று அவன் தோழனைப் பற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த வாக்கியம் அவன் வீட்டில் பிறந்ததன்று, பெட்டியிலிருந்து வந்தது. அந்தத் தோழனோ கணக்கில் கெட்டிக்காரன்.

இதற்கு மாற்று நம் கையிலேயே உண்டு. வீட்டில் ஆட்டம் பார்க்கும்போது பத்து நிமிடம் ஒலியை அணைத்துவிடுங்கள். பிள்ளையையே வர்ணனை செய்யச் சொல்லுங்கள். மூன்று கட்டளைகள் மட்டும் இடுங்கள்: கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லாதே, காரணத்தைச் சொல்; இரு பக்கத்தாரின் நல்ல ஆட்டத்தையும் சொல்; எவரையும் அவர் நிறத்தாலும் இனத்தாலும் அளக்காதே, செய்ததைக் கொண்டு அள. பிறகு ஒலியைத் திறந்து, பெட்டியிலுள்ளவர் இந்த மூன்றையும் எந்த அளவுக்குக் காப்பாற்றுகிறார் என்று பிள்ளையையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். உற்றுக் கவனித்தல், அளந்து பேசுதல், நேர்மையாய்த் தீர்ப்புக் கூறுதல் ஆகிய மூன்றும் அந்தப் பத்து நிமிடத்தில் அவனுக்குப் பயிற்சியாகிவிடும்.