ஓட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி

"ஊர்ல தாத்தா வீட்டு ஓட்டைப் பிரிச்சுட்டு கான்கிரீட் போட்டுரலாமா?" நம்ம வயசுல நிறைய பேர் கேக்குற கேள்வி இது. இன்னைக்கு எபிசோட்ல அதைப் பத்திதான் பேசப்போறேன்.

திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியா செங்கோட்டை போற பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சா, கூரைகளை மட்டும் பாத்துட்டே போங்க. டவுன் பக்கம் பழைய வீடுகள்ல மட்டப்பா நிறைய இருக்கும். மேற்கே போகப் போக ஓட்டுச் சரிவு கூடும். செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்த ஊர், அந்தச் சாயலும் உண்டு. ஆனா பெரிய காரணம் மழை. அங்கே தென்மேற்குப் பருவமழை சாரலா வந்துட்டே இருக்கும். தண்ணி நிக்காம வழியணும். திருநெல்வேலி மழை மறைவுப் பகுதி. இங்க வத்தல் காயப்போடவும் ராத்திரி காத்தாட படுக்கவும் மட்டப்பா தோதா இருந்தது.

மட்டப்பாவை எப்படிக் கட்டுனாங்க? மரக்கட்டைகளை வரிசையா போட்டு, அதுமேல செங்கல்லைச் செங்குத்தா நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்துல அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்சு, கடைசியா தட்டோடு பதிப்பாங்க. சீமை ஓடு பிறகு வந்தது. 1865-ல பாசல் மிஷன் மங்களூர்ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க.

இப்போ கேள்விக்கு வருவோம். ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 15 சீமை ஓடு, தோராயமா 40 கிலோ. அதே இடத்துல அஞ்சு இஞ்ச் கான்கிரீட் 300 கிலோ. ஓட்டைத் தாங்கிட்டிருந்த மண் சாந்துச் சுவர் அதைத் தாங்குமா? இன்ஜினியர் சுவரைப் பாக்காம "போட்டுரலாம்"னு சொன்னா நம்பாதீங்க.

பெரும்பாலும் உளுத்த மரத்தையும் உடைஞ்ச ஓட்டையும் மாத்தினாலே போதும். ஒரு கம்பெனி ஓட்டோட பள்ளம் இன்னொண்ணோட சரியா பொருந்தாது. அதனால பழைய ஓடு ஒண்ணைக் கையில எடுத்துட்டுப் போங்க. தகர ஷீட் செலவு கம்மி, எடையும் கம்மி. ஆனா நம்மூர் வெயிலுக்குக் கொதிக்கும், மழை பெஞ்சா பேச்சே கேக்காது.

புது வீட்டுக்கு மட்டமான கூரைன்னா வெள்ளை கூலிங் டைல்ஸ் போடுங்க. தண்ணி குழாய்ப் பக்கம் ஓடுற மாதிரி வாட்டம் கட்டாயம். 2023 டிசம்பர் மழையைப் பாத்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சரிவான கான்கிரீட் மேல அழகுக்கு ஓடு ஒட்டுறது உங்க இஷ்டம். ஆனா அங்கே மழையைத் தடுக்கிறது கான்கிரீட்தான். ஒழுகாம இருக்க வேண்டிய பூச்சை ஓட்டுக்கு அடியில முதல்லயே முடிச்சிருங்க.

கேட்லாக்கைப் புரட்டுறதுக்கு முன்னாடி உங்க தெருவுல இருக்கிற பழைய கூரைகளை ஒருதடவை நிமிர்ந்து பாருங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.