ரேகையும் ஒப்புதலும்: உளவியல் ஆய்வின் அறம் குறித்த தலைமையுரை

தேனியில் இன்று கூடியுள்ள இக்கருத்தரங்கின் பொருள், உளவியலார் சமூகக் கூருணர்வு ஆய்வு என்று வழங்கும் வகையைச் சார்ந்தது. ஓர் ஆய்வின் விளைவு, அதில் பங்குபெற்றவரோடு நின்றுவிடாமல் அவருடைய சாதி, பால், ஊர் ஆகியவற்றைச் சேர்ந்த அனைவர்மீதும் படியக்கூடுமானால் அது இவ்வகையில் அடங்கும் என்று ஜோன் சீபர், பார்பரா ஸ்டான்லி ஆகியோர் 1988இல் அமெரிக்க உளவியல் சங்க இதழில் வரையறுத்தனர். கேள்வியை அமைத்தல், ஆய்வை நடத்துதல், அதற்கு இடமளிக்கும் நிறுவனத்தின் சூழல், முடிவுகளை விளக்கிப் பயன்படுத்துதல் என நான்கு கட்டங்களிலும் அறச்சிக்கல் எழும் என்றனர் அவர்கள். நான்கனுள் முதலாவதுதான் இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் துன்பம் விளைத்தது என்பதால், இவ்வுரை அதனிடத்தே சற்று நெடிது நிற்கிறது.

குற்றம் என்பது ஒருவர் செய்யும் செயலா, ஒரு கூட்டத்தார் பிறப்போடு கொண்டுவரும் இயல்பா என்ற கேள்வியை ஆராயாமலே, இரண்டாவதுதான் உண்மை என்று கொண்ட ஆங்கில அரசு 1871இல் குற்றப் பழங்குடியினர் சட்டத்தை இயற்றியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்துக்கும் வந்துசேர, இவ்வட்டாரத்தில் வாழும் பிரமலைக் கள்ளர் சாதியினர் அதன் பிடிக்குள் கொண்டுவரப்பட்டனர். விரல் ரேகை பதிய வேண்டும், இரவில் காவலர் கண்பார்வையில் படுத்திருக்க வேண்டும், வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு என்னும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று அது விதித்ததனால், சட்டத்தின் நீண்ட பெயரை விட்டுவிட்டு மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் 16 பேர் மாண்டனர். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது.

இதில் ஆய்வாளருக்குப் பங்கில்லை என்று ஒதுங்கிக்கொள்ள இயலாது. மூக்கையும் மண்டையோட்டையும் அளந்து சாதிகளை வகைப்படுத்திய எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூல், கள்ளரைப் பற்றி நிர்வாகிகள் எழுதிவைத்த களவுச் செய்திகளை எடுத்தடுக்கி அவற்றுக்கு அறிவியல் நூலின் மதிப்பைத் தேடித்தந்தது. “இவர்கள் ஏன் திருடுகிறார்கள்?” என்று கேள்வி அமைந்துவிட்டபின், வானம் பார்த்த நிலமும் பஞ்சமும் ஊர்களைக் காத்துக் கூலி பெறும் காவல் உரிமை பறிபோனதும் விடையின் ஓரத்துக்குத் தள்ளப்படுவது தவிர்க்க முடியாததாகிறது. அதே மக்களைக் குறித்து, நிலத்தைப் பண்படுத்துவோர் தம்மையும் எவ்வாறு பண்படுத்திக்கொள்கின்றனர் என்ற கேள்வியோடு கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியிட்ட நூலில் உழவும் ஒழுக்கமும் உழைப்பும் முன்னுக்கு வருகின்றன. மக்கள் மாறவில்லை, கேள்வி மாறியது.

ஆய்வை நடத்தும் கட்டத்துக்குரிய சிக்கலை, கள்ளர் மிகுதியாக வாழும் உசிலம்பட்டி காட்டுகிறது. பெண் சிசுக்கொலை குறித்து 1986இல் இந்தியா டுடே இதழ் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, சிசுவைக் கொல்லப் புகட்டிய கள்ளிப்பால் என்ற சொல்லும் அவ்வூர்ப் பெயரும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன. வெளிப்பட வேண்டிய கொடுமை வெளிப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வரதட்சிணையும் ஆண்பிள்ளை ஆசையும் நாடெங்கும் விளைத்த ஒரு தீங்கு, ஒரு சாதியின் குணமாகப் பேசப்பட்டபோது பழைய முத்திரையே மறுபடியும் குத்தப்பட்டது. இத்தகைய ஊரில் திண்ணையில் அமர்ந்து, மாமியார் கதவோரம் நிற்க, “மொத்தம் எத்தனை பிரசவம், எத்தனை பிள்ளை தங்குச்சு?” என்று ஓர் இளம் ஆய்வாளர் கேட்கும்போது, அந்தத் தாய் தரும் விடை ஆய்வுத் தரவாக மட்டும் அமைவதில்லை, கொலைக் குற்றத்தின் வாக்குமூலமாகவும் ஆகக்கூடும். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குரிய சட்டக் காப்பு, ஆய்வாளரிடம் சொல்வதற்கு இந்தியாவில் இல்லை. காக்க முடியாத இரகசியத்தைக் காப்பதாக உறுதிகூறிப் பெறும் விடை, ஏமாற்றிப் பெற்ற விடையே ஆகும்.

ஒப்புதலுக்கு வருவோம். ஆய்வின் நோக்கமும் இடரும் புரியும்படி எடுத்துரைக்கப்பட்டு, மறுக்கும் உரிமையோடு ஒருவர் தரும் இசைவே அறிந்து அளிக்கும் ஒப்புதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், கையெழுத்திட அறியாதவரிடம் நடுநிலைச் சாட்சி ஒருவர் முன்னிலையில் பெருவிரல் ரேகை பெறலாம் என்கின்றன. ஊர்த்தலைவரின் இசைவு தனியாள் ஒப்புதலுக்கு ஈடாகாது என்றும் தெளிவுறுத்துகின்றன. நெறி சரியானதே. எனினும் பாட்டனும் பூட்டனும் ரேகை வைக்க மாட்டோம் என்று குண்டடிபட்ட வட்டாரத்தில், மைப்பெட்டியைத் திறந்து ஒரு முதியவரின் கட்டைவிரலைப் பிடித்துத் தாளில் அழுத்துவது எதை நினைவூட்டும் என்பதை வேறெங்கோ அச்சான படிவம் அறியாது. வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவு செய்துகொள்ளும் வழி இருக்கிறது. அறநெறிக் குழுக்கள் அதனை இங்கே விதிவிலக்காகக் கருதாமல் முதல் வழியாகவே ஏற்க வேண்டும்.

அச்சம் கருதி இத்தகைய ஆய்வுகளையே கைவிடுவதும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும் என்று சீபரும் ஸ்டான்லியும் அன்றே எச்சரித்தனர். பெயர்களை அழித்துவிடுவதும் தீர்வாகாது: குற்றப் பழங்குடியினர் சட்டத்திலிருந்து விடுபட்டோரைக் குறிக்கும் சீர்மரபினர் என்ற பெயரோடு இருந்த பழங்குடி என்ற சொல் 1979இல் வகுப்பினர் என்று மாற்றப்பட்டபோது, அதனால் இழந்த உரிமைகளைக் கேட்டு மக்கள் பல்லாண்டுகள் போராடினர். இழிவாகச் சுமத்தப்பட்ட வரலாறே இன்று இழப்பீடு கோரும் சான்றாகவும் இருப்பதால், எந்தப் பெயரால் தாங்கள் எழுதப்பட வேண்டும் என்பதை அம்மக்களிடமே கேட்டறிவது ஆய்வின் முதல் வேலையாகிறது. எனவேதான் இக்கருத்தரங்கின் முதல் அமர்வு கட்டுரை வாசிப்போடு தொடங்காமல், களத்தில் பயன்படும் ஒப்புதல் படிவம் ஒன்றை இவ்வட்டாரப் பேச்சில் உரக்கப் படித்து, ஊர்களிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் எந்தச் சொல்லில் குறுக்கிட்டு நிறுத்துகிறார்கள் என்று குறித்துக்கொள்வதோடு தொடங்குகிறது.