எல்லா போனுக்கும் ஒரே கேபிள்: வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

(காஞ்சிபுரத்தில் நடந்த நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டத்தில், செல்போன் பழுதுபார்ப்புத் தொழிலில் நீண்ட அனுபவம் உள்ள ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழேயோ பீரோவின் மேல் தட்டிலோ ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதுக்குள்ளே பழைய சார்ஜர், ஒயர், அறுந்த ஹெட்போன் எல்லாம் நூல் சிக்கு மாதிரி சிக்கிக் கிடக்கும். இல்லாத வீடு எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்! சிக்கெடுக்கிறதில் நம்ம ஊர்க்காரங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அந்தக் கவரை மட்டும் யாரும் பிரிக்கிறதே இல்லை.

இருபது வருஷமா போன் ரிப்பேர் பார்க்கிறவன் நான். அந்தக் கவரைக் கொட்டினால் உங்கள் வீட்டில் எந்த வருஷம் எந்த போன் இருந்ததுன்னு சொல்லிவிடுவேன். அடியில் நோக்கியாவின் தடித்த பின். அதற்கு மேல் அதே நோக்கியாவின் ஒல்லிப் பின். பிறகு மைக்ரோ யூ.எஸ்.பி. வீட்டில் யாராவது ஐபோன் வைத்திருந்தால் லைட்னிங். எல்லாவற்றுக்கும் மேலே இப்போது கையில் இருக்கும் டைப்-சி.

இந்தக் கதையில் நம்ம மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் நின்றது. நம்ம பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே பஸ் ஏறி வேலைக்குப் போனவர்கள். நோக்கியாவுக்கு சார்ஜர் செய்து கொடுத்த, பின்லாந்தில் பிறந்த சால்காம்ப் என்ற நிறுவனமும் அதே வளாகத்தில் இருந்தது. பூட்டிக் கிடந்த நோக்கியா ஆலையை அந்த சார்ஜர் கம்பெனியே வாங்கப் போகிறது என்ற அறிவிப்பு 2019-இல் வந்தது. போன் கம்பெனி போய்விட்டது, சார்ஜர் கம்பெனி நிலைத்துவிட்டது.

சரி, இந்த ஒரே கேபிள் விஷயம் எங்கிருந்து வந்தது?

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் முப்பது விதமான சார்ஜர்கள் புழங்கின. 2009-இல் ஐரோப்பிய ஆணையம் பெரிய போன் கம்பெனிகளை உட்காரவைத்துப் பேசியது. மைக்ரோ யூ.எஸ்.பி.க்கு மாறுகிறோம் என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். சட்டம் இல்லை, ஒப்பந்தம்தான். பெரும்பாலான கம்பெனிகள் மாறின. ஆப்பிள் மட்டும் 2012-இல் லைட்னிங் என்று தன் வழியில் போய்விட்டது. பேச்சு போதாது என்று, 2022 அக்டோபர் 4-ஆம் தேதி ஐரோப்பிய நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. ஆதரவு 602, எதிர்ப்பு 13. அதன்படி 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கிற புது போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன் எல்லாவற்றிலும் டைப்-சி துளை இருக்கவேண்டும். லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28.

சட்டம் அமலுக்கு வரும்வரை ஆப்பிள்கூடக் காத்திருக்கவில்லை. 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15-லேயே டைப்-சி வந்துவிட்டது. அந்த போனை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து பாக்ஸ்கான் ஆலையிலும் பூட்டினார்கள். ஐரோப்பாவில் போட்ட சட்டம் நம்ம ஊர் கன்வேயர் பெல்ட்டில் வந்து நின்றது, பாருங்க.

நம்ம நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் கம்பெனிகளையும் தொழில் அமைப்புகளையும் அழைத்துப் பேசியது. நவம்பர் கூட்டத்தில் ஸ்மார்ட்போன், டேப்லெட், லேப்டாப் மூன்றுக்கும் டைப்-சி என்ற கருத்தொற்றுமை வந்தது. பட்டன் போனுக்கு இதைக் கட்டாயமாக்கினால் விலை ஏறிவிடும் என்ற கவலையும் அங்கே பேசப்பட்டது. நியாயமான கவலை. பிறகு இந்தியத் தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ்., டைப்-சி துளைக்கும் கேபிளுக்கும் இந்தியத் தரத்தை வெளியிட்டு, 2023 ஜனவரியில் அறிவித்தது. ஒன்றைக் கவனியுங்கள்: பி.ஐ.எஸ். ஒரு தரத்தை வெளியிடுவது வேறு, அதை அரசாணை போட்டுக் கட்டாயமாக்குவது வேறு. வெளியானபோது இது கட்டாயமாக வரவில்லை. இருந்தும் கடைக்குப் போய்ப் பாருங்க, புது ஸ்மார்ட்போன் எதைத் தொட்டாலும் டைப்-சி.

"அப்போ பிரச்சினை தீர்ந்ததுதானே சார்?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். அங்கேதான் சிக்கல். வாய் ஒன்றாகிவிட்டது, கேபிள் ஒன்றாகவில்லை.

டைப்-சி முனைக்குள்ளே 24 தொடுபுள்ளிகள் இருக்கின்றன. மைக்ரோ யூ.எஸ்.பி.யில் ஐந்துதான். எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்வதற்காக இருபுறமும் சமச்சீராக அமைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாக் கேபிளிலும் எல்லாப் புள்ளிகளுக்கும் உள்ளே ஒயர் ஓடாது. மலிவான கேபிளில் சார்ஜ் ஏறவும் கொஞ்சம் மெதுவாகப் படம், வீடியோ அனுப்பவும் தேவையான ஒயர் மட்டும் இருக்கும். சிலதில் சார்ஜுக்கான ஒயர் மட்டுமே. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கோர்வை போட்ட புடவையையும், போட்ட மாதிரி காட்டுகிற புடவையையும் பக்கத்தில் வைத்தால் வெளியூர்க்காரருக்கு வித்தியாசம் தெரியுமா? திருப்பி உள்பக்கம் பார்க்கணும். கேபிளைத் திருப்பிப் பார்க்க வழியில்லை, அதனால் அட்டையைப் படிக்கணும்.

அட்டையில் பார்க்க வேண்டியது வாட். சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் கொண்டுபோக வேண்டுமானால் கேபிளுக்குள்ளேயே ஒரு சின்ன சிப் இருக்கவேண்டும். 240 வாட் வரை போகிற கேபிளும் இப்போது உண்டு. போனுக்கு மட்டும் என்றால் 60 வாட் கேபிள் தாராளம். மகளின் லேப்டாப்புக்கும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்றால் 100 அல்லது 240 என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

அடிக்கடி வரும் ஒரு பயம்: "லேப்டாப் சார்ஜரில் போனைப் போட்டால் வெடிச்சிடுமா?" வெடிக்காது. ஒழுங்கான டைப்-சி சார்ஜர், செருகியதும் போனிடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கும். 18 வாட் வாங்கக்கூடிய போன் 65 வாட் சார்ஜரில் 18 மட்டுமே எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, சில கம்பெனிகளின் அதிவேக சார்ஜ் அவர்களுடைய சொந்த சார்ஜரும் கேபிளும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். வேறு சார்ஜரில் மெதுவாக ஏறும். போன் பழுதில்லை, பதறாதீர்கள்.

மலிவான டார்ச், ப்ளூடூத் ஸ்பீக்கர் சிலவற்றில் டைப்-சி துளை இருக்கும், ஆனால் இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளைப் போட்டால் சார்ஜ் ஏறாது. ஒரு முனை பழைய சப்பை யூ.எஸ்.பி.யாக இருக்கிற கேபிளைப் போட்டால் ஏறும். துளையை மட்டும் வைத்துவிட்டு, அதற்குள் இருக்கவேண்டிய காசு பெறாத ஒரு சின்ன உதிரியை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். 'ரிப்பேர்' என்று கொண்டுவருகிறவரிடம் கேபிளை மாற்றிக் காட்டி அனுப்புகிறேன், காசு வாங்குவதில்லை.

இப்போது நம்ம ஊருக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன்.

டைப்-சி துளைக்கு நடுவில் ஒரு நாக்கு உண்டு. அதைச் சுற்றி பாக்கெட் பஞ்சு, தூசி போய் அடைந்துகொள்ளும். கேபிள் முழுசாக உள்ளே போகாது. 'லூஸா இருக்கு, சார்ஜ் நிக்கலை' என்று வரும் போன்களில் நிறைய அடைப்புதான். தறி இருக்கிற வீட்டு போனில் பட்டு நூல் துணுக்கும் சேர்ந்து வரும். அது பரவாயில்லை. ஜரிகைத் துணுக்கு இருக்கே, அதுதான் ஆபத்து. அசல் ஜரிகை என்பது பட்டு நூல் மேல் வெள்ளி சுற்றித் தங்கமுலாம் பூசியது. வெள்ளியைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகம் கிடையாது. அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கிடந்தால் ஷார்ட் ஆகும், புள்ளி கருகும். பிள்ளையார்பாளையம் பக்கமிருந்து வந்த ஒரு போனின் துளையிலிருந்து நான் அப்படி ஒரு ஜரிகைத் துணுக்கை எடுத்திருக்கிறேன். அந்த அக்கா சிரித்துக்கொண்டே, "ஜரிகை விக்கிற விலைக்கு அதைக் குடுத்துடுப்பா" என்றார்.

அதனால் தறியில் உட்காரும்போது போனைத் துளை கீழ்நோக்கி இருக்கிற மாதிரி வையுங்கள், அல்லது உறையில் போடுங்கள். அடைத்துக்கொண்டால் போனை அணைத்துவிட்டு மரக் குச்சியால், பல் குத்துகிற குச்சி போதும், மெதுவாக நெம்பி எடுங்கள். ஊசி, ஊக்கு, ஹேர்பின் எதுவும் கூடாது. வாயால் ஊதவும் வேண்டாம், ஈரம் போகும்.

அடுத்தது சார்ஜர். கேபிளைவிடப் பெரிய விஷயம் இது. இப்போது பல கம்பெனிகள் போன் பெட்டியில் சார்ஜர் வைப்பதில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்குமே, குப்பை குறையுமே என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் சார்ஜர் இல்லாதவர் நடைபாதையில் நூறு ரூபாய் சார்ஜர் வாங்குகிறார். 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி உங்கள் கையில் கொடுக்கிற பெட்டி அது. உள்ளே இரண்டுக்கும் இடையே இருக்கவேண்டிய காப்பு சரியில்லை என்றால் வீட்டு மின்சாரம் நேரே போனுக்கு வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டில் இரவு தறி ஓரத்து பிளக்கில் அப்படியொரு சார்ஜரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்கள். பிளாஸ்டிக் உருகி, புகை வந்து, பெரியவர் இருமிக்கொண்டே எழுந்ததால் தப்பித்தது. தறியில் மூன்று புடவைக்கான பாவு ஏற்றியிருந்தது. பட்டு சட்டென்று பற்றிக்கொள்ளாது என்பது உண்மைதான். ஆனால் புகைக்கறை ஏறின பாவை என்ன செய்வது? அது முதலாளி கொடுத்த பட்டு, முதலாளி கொடுத்த ஜரிகை. மூன்று புடவைக்கான கூலி மட்டுமில்லை, பொருளுக்கும் இவர்தான் பதில் சொல்லணும். அந்தப் பாவின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். அது காப்பாற்றியது.

சார்ஜர், பவர் பேங்க், மொபைல் போன் மூன்றும் மத்திய அரசின் கட்டாயப் பதிவுப் பட்டியலில் உள்ளவை. பி.ஐ.எஸ். பதிவு இல்லாமல் விற்கக்கூடாது. சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து, ஒரு சிறு கோடு, பிறகு எட்டு இலக்கமும் இருக்கவேண்டும். அது இருந்தால் போதாது, போலியாகவும் அச்சடிக்கலாம். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். நகைக்கு ஹால்மார்க் எண்ணைச் சரிபார்க்கிற அதே செயலிதான். அதில் கட்டாயப் பதிவு எண்ணைச் சரிபார்க்க ஒரு பகுதி இருக்கிறது. எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று வரும். கையில் சார்ஜர் இருக்க, திரையில் வேறு பொருளின் பெயர் வந்தால் அது போலி. அங்கேயே புகாரும் செய்யலாம்.

பில் வாங்குங்கள். கடைக்காரர் 'பில் போட்டா விலை கூடும்' என்பார், பரவாயில்லை. வாங்கிய பொருள் கோளாறாகி மாற்றித் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இதெல்லாம் நடக்க, கையில் பில் வேண்டும்.

திருவிழாக் கூட்டத்திலோ பஸ் நிலையத்திலோ சார்ஜ் போட நேர்ந்தால் ஒரு வார்த்தை. சுவரில் பொருத்தியிருக்கிற யூ.எஸ்.பி. துளையில் நேரே செருகாதீர்கள். சார்ஜ் போகிற கேபிளிலேயே தகவலும் போகும். ரிசர்வ் வங்கியும் தன் எச்சரிக்கைக் கையேட்டில் இதைச் சொல்லியிருக்கிறது. உங்கள் சொந்த சார்ஜரை சாதாரண பிளக்கில் போடுங்கள்.

பட்டன் போன் வைத்திருக்கிற பெரியவர்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் போன் ஓடுகிறவரை ஓடட்டும். அந்த ஒல்லிப் பின் சார்ஜரை மட்டும் அந்தக் கவரிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். மைக்ரோ யூ.எஸ்.பி. கேபிளிலும் நல்லதாக ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி? குப்பை வண்டியில் மற்ற குப்பையோடு போடாதீர்கள். சிலர் ஒயரைத் திறந்தவெளியில் எரித்து உள்ளே இருக்கிற செம்பை எடுக்கிறார்கள். மேலே இருக்கிற பிளாஸ்டிக் எரிகிற புகை விஷம், முதலில் சுவாசிப்பவர் எரிக்கிறவர்தான். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, கழிவுக்குத் தயாரிப்பாளரும் பொறுப்பு. உங்கள் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பழைய போனையும் சார்ஜரையும் வாங்கிக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் கவுன்டரில் ஒரு பெட்டி வைப்பார்கள்.

என் பேச்சு இவ்வளவுதான். சார்ஜர் கொண்டுவரச் சொல்லியிருந்தோம், கொண்டுவந்தவர்கள் வெளியே எடுங்கள். முதுகைத் திருப்பி அந்த எட்டு இலக்கத்தைப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும், போன் கேமராவில் பெரிதாக்கிக்கொள்ளலாம். முதல் வரிசையிலிருந்து ஆரம்பிப்போம். அம்மா, உங்களுடையதைக் கொடுங்க.