ஓட்டுக் கேட்டு வருவதற்கு முன்னால்



நான் பேச வேண்டியதை நேற்று ராத்திரியே எழுதிக்கொண்டு வந்தேன். அந்தத் தாள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு பெண் வந்து பேசியது. வைகைக்கு வடகரையில், நான் குடியிருக்கும் பக்கத்துப் பெண்தான். ஏழு வருஷமாகத் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுக்கிறது. முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதிக் கொடுக்கிறது. அது கேட்டது இதுதான்: "ஐயா, அடுத்த எலக்‌ஷன்ல நில்லுன்னு எங்க தெருக்காரங்க சொல்றாங்க. எங்க அம்மா, அந்தச் சாக்கடைக்குள்ள எதுக்குடி போற, செய்யிறதை இப்படியே செஞ்சுகிட்டு இருன்னு சொல்லுது. நான் என்னய்யா செய்ய?"

தாயி, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த அரை மணி நேரம். பதிலை நம் ஊர்க் கதையிலிருந்தே சொல்கிறேன்.

டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரையில் ஒரு பேச்சு உண்டு. என் வயதுக்காரர்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம். 1904இல் பிறந்தவர். சிறு வயதிலேயே கல்யாணம். கணவர் சௌந்தரராஜன் டாக்டர். மதுரையில் பிளேக் வந்தபோது நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார், அந்த நோயிலேயே போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்து ஆசாரக் குடும்பத்தில், இருபது வயதை ஒட்டிய ஒரு விதவைக்கு என்ன வாழ்க்கை விதித்திருந்தது என்று இங்கே இருக்கும் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். நீ படிக்க வேண்டும், மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று சாவதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட்டுப் போனவர் அந்தக் கணவர். அந்த மனிதரையும் இந்த மேடையில் நான் கும்பிடுகிறேன்.

சௌந்தரம் படித்தார். டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936இல் டாக்டராக வெளியே வந்தார். அப்போது 32 வயது. அங்கே இருந்த காலத்தில்தான் காந்தியாருடைய பழக்கம், கேரளத்துக்காரரான ஜி. ராமச்சந்திரனுடைய பழக்கம். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். சாதி வேறு, மொழி வேறு, பெண்ணோ விதவை. வீட்டில் ஒப்பவில்லை. காந்தி ஒரு நிபந்தனை போட்டார். ஒரு வருஷம் பார்க்காமல், கடிதம் எழுதாமல் பிரிந்திருங்கள், அதற்குப் பிறகும் மனசு மாறாமல் இருந்தால் நானே நடத்தி வைக்கிறேன் என்றார். மாறவில்லை. 1940இல் காந்தியே நடத்தி வைத்தார். மாப்பிள்ளை வேட்டிக்குக் காந்தி நூற்ற நூல், பெண்ணின் சேலைக்குக் கஸ்தூர்பா நூற்ற நூல்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இதற்குப் பிறகு அந்த அம்மா போய் உட்கார்ந்த இடத்துக்காக. 1944இல் கஸ்தூர்பா சிறையில் இறந்தார். அவர் பெயரில் திரண்ட நிதி கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. அந்த வேலைக்கு இந்தப் பக்கம் பொறுப்பேற்றவர் டாக்டர் சௌந்தரம். மதுரையிலிருந்து ரயிலில் சோழவந்தான், வாடிப்பட்டி, கொடைரோடு தாண்டினால் அம்பாத்துரை என்று ஒரு சின்ன ஸ்டேஷன். பக்கத்திலே சின்னாளப்பட்டி, சுங்குடிச் சேலைக்குப் பேர் போன நெசவாளர் ஊர். அங்கே போய் ஒரு சிறிய மருத்துவ நிலையம் வைத்தார். துணைக்கு இரண்டு பெண்கள். மாடமாளிகையில் பிறந்த பெண், தறிச் சத்தத்துக்கு நடுவே பிரசவம் பார்த்தார். 1947 அக்டோபர் 7இல், சுதந்திரம் வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், கணவனும் மனைவியும் அதே இடத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

இப்போது தேர்தலுக்கு வருகிறேன். 1952, நாட்டின் முதல் பொதுத்தேர்தல். ஆத்தூர் தொகுதியில் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் நின்றார். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம் கிடையாது, எல்லாம் மதுரை மாவட்டம். பெட்டி எப்படி இருந்தது தெரியுமா? ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி, பெட்டியில் அவரவர் சின்னம். எழுத்துத் தெரியாத கிழவிகூடப் படத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். அவர் நின்ற காங்கிரஸ் கட்சிக்கு இரட்டைக் காளை. அந்த அம்மா ஜெயித்தார். 1957இல் வேடசந்தூரில் நின்று மறுபடி ஜெயித்தார். 1962இல் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதி, நேருவின் அமைச்சரவையில் கல்வித் துணை அமைச்சர், அதே ஆண்டு பத்மபூஷண்.

பட்டத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. முதன்முதலாக ஓட்டுக் கேட்டு ஊருக்குள் போனபோது அவருக்கு வயது 47. அதற்கு முன்னாலேயே பல வருஷமாக அந்த ஊர்களில் நாடி பிடித்துப் பார்த்த கை அது. அவர் கும்பிட்டு நின்ற வாசல்களில் சிலவற்றின் உள்ளே அவர் கையால் பிறந்த குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்காரர்களுக்கு அவர் யார் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

டி.வி.எஸ். வீட்டுப் பெண் ஆயிற்றே, ஜெயிக்கக் கேட்க வேண்டுமா என்று யாராவது நினைக்கலாம். பெயர் உதவியிருக்கும், கட்சியும் உதவியிருக்கும், நான் மறைக்கவில்லை. அந்தப் பெயரும் அந்தக் கட்சியும் 1967இலும் இருந்தன. அதற்கும் வருகிறேன்.

முதலில் உன் அம்மா கேட்ட கேள்வி. நல்லது செய்கிறவள் செய்துகொண்டே இருக்கட்டுமே, எதற்குத் தேர்தல்? நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. இளம்பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், பெரியவர்களுக்கு உடம்பு கூசும். காலில் ஒரு கொப்புளம் வரும். அது உடைந்தால் வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, வாரக்கணக்கில் இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால் கால் சீழ் பிடித்துப் போகும். இது எங்கிருந்து வந்தது? படிக்கட்டு வைத்த கிணற்றிலிருந்து. எரிச்சல் தாங்காமல் நோயாளி தண்ணீரில் காலை வைப்பார், புழு அங்கே குஞ்சு பொரிக்கும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சி அதைத் தின்னும். அந்தத் தண்ணீரை ஊரே குடிக்கும். ஒரு வருஷம் கழித்து ஊரெல்லாம் கொப்புளம்.

கெட்டிக்காரக் கம்பவுண்டர் ஒருவர் ஆயுசு முழுக்க உட்கார்ந்து குச்சியில் புழுவைச் சுற்றலாம். புண்ணியம்தான். படிக்கட்டை அடைத்து, கைப்பிடிச் சுவர் எழுப்பி, உருளை மாட்டிக் கொடுத்தால் நோய் நிற்கும். ஊர் ஊராக அதைச் செய்ய அரசாங்கப் பணம் வேண்டும், ஒவ்வொரு கிணற்றுக்கும் எஸ்டிமேட் போட வேண்டும், கையெழுத்து ஆக வேண்டும். அப்படிச் செய்துதான் இந்த நாட்டிலிருந்தே அதை ஒழித்தார்கள். கடைசி நோயாளி 1996இல், நோய் இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000இல்.

உன் பென்ஷன் மனுவும் அதே கதைதான் தாயி. நீ ஒவ்வொரு கிழவிக்கும் தனித்தனியாக எழுதுகிறாய். இத்தனை கிழவிகள் ஏன் விடுபட்டார்கள் என்று கேட்கும் இடம் சட்டமன்றம். எந்தத் தாளில் எந்த இடத்தில் மனு திரும்பி வருகிறது என்று விரல்நுனியில் வைத்திருக்கிற ஒருத்தி அங்கே எழுந்து கேட்டால், மழுப்பிப் பதில் சொல்ல முடியாது.

இது சௌந்தரம் அம்மா ஒருவர் நடந்த பாதை இல்லை. மேலூருக்குப் பக்கத்தில் தும்பைப்பட்டி. அங்கே பிறந்த கக்கன், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இராப்பள்ளிக்கூடம் நடத்தியவர். 1939 ஜூலை 8இல், கோயில் நுழைவை முன்னின்று நடத்திய வைத்தியநாத ஐயரோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர். மந்திரியானது அதற்கெல்லாம் பிறகு. இன்னொருவர் கே.பி. ஜானகியம்மாள். நாடக மேடையில் பாடிச் சம்பாதித்தார். சம்பாதித்த நகையையும் பட்டையும் இயக்கத்துக்கு விற்றுக் கொடுத்தார். யுத்த எதிர்ப்புப் பேச்சுக்காக ஜெயிலுக்குப் போனார். விவசாயிகளோடு வயலில் நின்றார். 1967இல் மதுரை கிழக்கில் மார்க்சிஸ்ட் கட்சி அவரை நிறுத்தியது, மதுரைக்காரர்கள் ஜெயிக்க வைத்தார்கள். கட்சி மூன்று பேருக்கும் ஒன்றல்ல, கொள்கையும் ஒன்றல்ல. வேலை முதலில், வேட்புமனு பிறகு என்ற வரிசை மட்டும் மூன்று பேருக்கும் ஒன்று.

அந்த 1967ஐப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ஜானகியம்மாளைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய அதே அலை விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தது, மேலூரில் கக்கனைத் தோற்கடித்தது, திண்டுக்கல்லில் சௌந்தரம் அம்மாவைத் தோற்கடித்தது. அவர் கையால் பிறந்தவர்களிலேயே சிலர் எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கலாம். அது அவர்கள் உரிமை. தோற்றவர் என்ன செய்தார்? டெல்லியில் ஒரு வீடு பிடித்துக்கொண்டு அடுத்த சீட்டுக்காகக் காத்திருக்கவில்லை. மறுபடி காந்திகிராமத்துக்கு வந்தார். அதே ஆஸ்பத்திரி, அதே பெண்கள். 1984 அக்டோபரில் கண்ணை மூடுகிற வரைக்கும், பதினேழு வருஷம் அந்த ஊர்தான்.

அந்தப் பதினேழு வருஷத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஜெயித்த பிறகு தொகுதிக்கு வருகிறவர்களே குறைவு. தோற்ற பிறகு வந்தவர் அந்த அம்மா. இன்றைக்கும் அந்தச் சாலையில் போகிறவர்கள் கஸ்தூர்பா மருத்துவமனையைப் பார்க்கலாம், பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிற காந்திகிராமக் கல்வி நிலையத்தையும் பார்க்கலாம். அவர் பெயர் தெரியாமலேயே அங்கே பிரசவத்துக்கு வருகிறார்கள், படிக்க வருகிறார்கள்.

அதனால் தாயி, உன் அம்மாவிடம் போய்ச் சொல். நிற்கலாம். இரண்டே விஷயம். சாயங்காலப் பாடத்தை ஒருநாளும் நிறுத்தாதே, ஓட்டு எண்ணுகிற அன்றைக்குச் சாயங்காலமும் பிள்ளைகள் வந்து உட்காரும். காசை வைத்து யாராவது பயமுறுத்தினால் கணக்கைத் தெரிந்துகொள். சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கினால் அது திரும்பி வந்துவிடும். உன் தெருவில் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் கொடுக்க மாட்டார்களா? கட்சி எதுவும் கூப்பிடாவிட்டாலும் சுயேச்சையாக நிற்க 10 பேர் முன்மொழிந்தால் போதும், அவர்கள் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். என் பெயர் அந்தத் தொகுதிப் பட்டியலில்தான் இருக்கிறது. மனுவை எடுத்துக்கொண்டு வா. ஒன்பது பேரைப் பிடித்தால் போதும்.