விளக்கும் ஆடுகளும்



சங்கப் பாடல் பற்றியோ புதுக்கவிதை பற்றியோ பேசுவேன் என நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் கணக்கு நோட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தெருவளவில் இயங்கும் சிறு தொண்டு அமைப்புகளுக்குக் கொடுப்போர் எதற்குக் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்க மறுக்கிறார்கள் என்பதே என் பொருள்.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் பயின்றோர்க்கு நந்தாவிளக்குக் கொடை புதிதன்று. கோயிலில் ஒரு விளக்கு அணையாது எரியவேண்டும் என விரும்பியவர் ஒரு குடம் நெய்யை வைத்துவிட்டுத் திரும்பிவிடவில்லை. பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்தார். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டார். அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் குறிக்கும். 'ஆடு சாகாதா, அம்மா?' என்று வகுப்பில் யாரேனும் ஒருவர் கேட்காத ஆண்டில்லை. இறந்ததற்கு ஈடாகக் குட்டி வளர்ந்துவிடும், எண்ணிக்கை குறையாது என்பதே அதன் பொருள்.

வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு இதனினும் நுட்பமானது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலைக்கு நிவந்தம் வகுக்கும் அக்கல்வெட்டு, மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள், நாவிதர் என ஒவ்வொருவர்க்கும் உரிய ஊதியத்தைத் தனித்தனியே விதிக்கின்றது. நாவிதர்க்குரிய கூலியையும் மறவாது கல்லில் வெட்டுவித்த அந்த மனத்தை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

இனி, நம் காலத்திற்கு வருவோம். எங்கள் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்கென மாலை வகுப்பு ஒன்று நடந்துவந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் அதனை நடத்தினர். நான் செயற்குழுவில் இருந்தேன். கொடைக்குக் குறைவில்லை. புத்தகப் பை வந்தது, குறிப்பேடு வந்தது, கொடையாளர் பெயர் பொறித்த சுவர்க் கடிகாரம் வந்தது. கணக்கெழுத ஒருவரை அமர்த்த மாதம் ஒரு சிறு தொகை கேட்டபோது மட்டும், 'நிருவாகச் செலவுக்கு எங்கள் விதியில் இடமில்லை' என்னும் விடையே வந்தது. 2020ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் செய்யப்பட்ட மாற்றத்தால், வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளைகள் யாவும் மீண்டும் பதிவு செய்துகொள்ள வேண்டியதாயிற்று. கெடு பன்முறை நீட்டிக்கப்பட்டும் எங்கள் விண்ணப்பம் போகவில்லை. அதனைக் கணினியில் நிரப்ப அறிந்தவர் எவருமில்லை. விலக்குப் போயிற்று, அதனையொட்டிப் பெரிய கொடை ஒன்றும் நின்றது, வகுப்பும் நின்றது. முனைவர் பட்டம் பெற்ற நான், அந்த ஆண்டுகளில் ஒரு நாளேனும் கணக்கு நோட்டைத் திறந்து பார்த்தவளல்லள். பழியில் எனக்கும் பங்குண்டு.

கொடுப்போரின் ஐயம் அடிப்படையற்றது என்று நான் சொல்லமாட்டேன். தொண்டின் பெயரால் வண்டியும் மாளிகையும் வாங்கியோரை நாம் அறிவோம். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் நிருவாகச் செலவுக்கு 50 விழுக்காடு வரை இடமளித்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 20 விழுக்காடாகக் குறைத்தது. ஆயினும் பெரியதையும் சிறியதையும் ஒரே படியால் அளப்பதில்தான் இடர் தோன்றுகிறது. கோடியில் 20 விழுக்காடு ஓர் அலுவலகத்தை நடத்தும். இலட்சத்தில் 20 விழுக்காடு மாதத்திற்கு 1,700 ரூபாய்கூட ஆகாது. அதே திருத்தம், இந்நிதியைப் பெறும் அமைப்பு வேறோர் அமைப்புக்கு அதனை மாற்றிக் கொடுப்பதையும் தடுத்துவிட்டது. பெரிய அமைப்புகளின் வழியே சிற்றூர் அமைப்புகளுக்கு ஊறிவந்த நீர் அத்தோடு நின்றது.

இதற்கு மாறான சான்றும் நம் மாநிலத்திலேயே உண்டு. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் அமைக்கப்பட்டன. கடன் தருவதோடு அத்திட்டம் அமைந்துவிடவில்லை; குழுவைக் கூட்டவும் பயிற்றவும் தொண்டு நிறுவனங்கள் பணியில் அமர்த்தப்பட்டன. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வட்டமாக அமர்ந்து, தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் எழுதப் பழகினர். 1997-98இல் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் விரிந்தது இவ்வித்தேயாகும். எல்லாக் குழுக்களும் நிலைத்தன என்று கூறேன். ஊக்குநர் ஒருவர் கையிலேயே நோட்டு தங்கிப்போன குழுக்களும் உண்டு. எனினும், கைநாட்டு வைத்த பெண்ணொருத்தி வங்கி மேலாளர் முன் கணக்கை விரித்து வாதிட்டாள் எனில், அவளுக்குக் கிடைத்தது கடன் மட்டுமன்று.

இவ்வட்டத்தின் ஆண்டறிக்கையை நேற்றிரவு படித்தேன். மண்டப வாடகை, மாலை, பொன்னாடை, சிற்றுண்டி ஆகியவற்றுக்குச் செலவு காட்டப்பட்டுள்ளது. தணிக்கையாளர்க்கோ எழுத்தருக்கோ ஒரு காசும் இல்லை. எனக்கு அணிவிக்கவிருந்த பொன்னாடையின் விலையையும் வழிச்செலவையும் அத்தலைப்பில் முதல் வரவாக எழுதிக்கொள்ளுமாறு கேட்டிருக்கிறேன். பொருளாளர் ஐயா பத்தாண்டுக் கணக்கையும் தம் கையெழுத்திலேயே வைத்திருக்கிறார். அவருக்கு அகவை எழுபத்தாறு. அவரிடம் அந்த நோட்டைக் கற்றுக்கொள்ளப்போகும் இளைஞர் இருவர் யார் என்பதை, இன்றிரவு விருந்துக்கு அமரும் முன்னரே முடிவு செய்யுங்கள். பெயர்களைக் கேட்டுவிட்டே நானும் இலைமுன் அமர்வேன்.